மீதி மூன்றாம் மாடியில்

லிஃப்டில் மாட்டிக்கொண்ட பதினேழாயிரம் பேரை வெளியே எடுத்தவர் அவர். நாற்பத்தோரு வருட சர்வீஸ். பதினேழாயிரம் என்பது அவருடைய வாய்க்கணக்கு. மனைவியைக் கேட்டால் எழுநூறு என்பாள். கம்பெனிப் பதிவேடு, ரசனை கெட்ட ஜென்மம், முந்நூற்றுப் பன்னிரண்டு என்கிறது. எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் சரி, வேலை முடிந்த பிறகும் வெளியே வர மறுத்தவர் அவர்களில் ஒருவரும் கிடையாது. ஒரே ஒரு ஆளைத் தவிர. அந்த ஆள், ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது நகர நூலகத்து லிஃப்டுக்குள் இறங்கிய லிஃப்ட்காரரேதான்.

அன்றைக்கு அந்த லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஆள் இல்லை. புத்தகம் ஏற்றிய தள்ளுவண்டி ஒன்றுதான். இவர் கூரைப் பலகையைத் திறந்துகொண்டு உள்ளே குதித்து (குதித்து என்பதும் அவர் வார்த்தைதான், அந்த வயிற்றை வைத்துக்கொண்டு யாரும் குதிக்க முடியாது, இறங்கியிருப்பார்), கதவுப் பூட்டைக் கழற்றித் துடைத்து மாட்டி, இருபது நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டார். பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து ஸ்க்ரூடிரைவர் வண்டிக்கு அடியில் உருண்டது. எடுக்கக் குனிந்தார். வண்டியின் கீழ்த்தட்டில் ஒல்லியாக ஒரு புத்தகம். சும்மா பிரித்தார்.

"எனக்கு அடுத்த வீட்டுக்காரரைப் பிடிக்காது. பிடிக்காமல் போவதற்கு அவர் ஒரு காரணமும் தரவில்லை. அவர்மேல் எனக்கு முதல் கோபமே அதுதான்."

லிஃப்ட்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் ஒரு அடுத்த வீட்டுக்காரர் உண்டு. முப்பது வருடமாக உண்டு.

கட்டுரையை எழுதிய அம்மாள், அந்த மனிதரின் இருமலை, செருப்புச் சத்தத்தை, ஜன்னல் சாத்தும் விதத்தையெல்லாம் நாலு பக்கத்துக்குக் கரித்துக் கொட்டுகிறார். பிறகு ஒரு நாள் காலையில் அந்த மனிதர் வந்து கதவைத் தட்டுகிறார். அவர் கையில் இந்த அம்மாளின் வீட்டுச் சாவி. மூன்று நாளாகக் கதவின் வெளிப்பக்கமே தொங்கிக்கொண்டிருந்ததாம். மூன்று நாளும் அவர் தன் வாசலில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தாராம். கதவைத் தட்டிச் சொல்லக் கூச்சமாம். கட்டுரை இப்படி முடிகிறது: "இப்போதும் அவரை எனக்குப் பிடிக்காது. ஆனால் இப்போது காரணம் இருக்கிறது."

"சார், ஆச்சா?" என்று வெளியிலிருந்து நூலகர் குரல் கொடுத்தார்.

"இல்லம்மா. பெரிய கோளாறு."

"மோட்டார் போயிடுச்சா?"

"கிட்டத்தட்ட."

இரண்டு மணி பத்து நிமிடம் கழித்து லிஃப்ட் மூன்றாம் மாடிக்கு வந்து கதவு திறந்தபோது அவர் கண் இரண்டும் சிவந்து நீர் கட்டியிருந்தது. காற்றில்லாமல் மனுஷர் தவித்துப்போய்விட்டார் என்று நூலகர் தண்ணீருக்கு ஓடினார். நாலு பேர் செய்தித்தாளை மடித்து விசிறினார்கள். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர் அது என்று அவர் மூச்சு விடவில்லை.

பொத்தானம்மா அவர் வாழ்க்கைக்குள் வந்தது இப்படித்தான். புத்தக அட்டையில் நல்ல நீளமான பெயர் இருக்கிறது. ஆனால் முதல் புத்தகத்தின் முதல் கட்டுரையே பொத்தானைப் பற்றியது. சட்டையில் ஒரு பொத்தான் அறுந்து விழுந்தால் மற்ற பொத்தான்களெல்லாம் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்கின்றன, அடுத்தது நாமாக இருக்கக் கூடாதே என்று அதில் எழுதியிருப்பார். அன்றிலிருந்து லிஃப்ட்காரருக்கு அவர் பொத்தானம்மா. பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் குடுவை கழுவும் வேலை பார்த்தவர், ஆறு புத்தகம் எழுதியவர், ஆறாவது வந்த வருடமே காலமானவர். பின்னட்டையில் இருப்பது இவ்வளவுதான். படத்தில், உள்ளே யாரோ கூப்பிட்ட மாதிரி தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருப்பார்.

ஓய்வு பெற்ற பிறகு லிஃப்ட்காரர் தினமும் நூலகத்துக்குப் போனார். மூன்றாம் மாடி, ஜன்னலோர நாற்காலி, ஆறு புத்தகத்தையும் சுற்றிச் சுற்றிப் படித்தார். ஒன்றைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. காரணத்தைக் கேட்டால் உங்களுக்குத் தலை சுற்றும். எடுத்துப் போனால் பதினாலு நாளில் திருப்ப வேண்டும். திருப்பினால் கவுன்ட்டரில் கிடக்கும். கிடந்தால் எவனாவது பார்ப்பான். பார்த்தவன் எடுத்துப் போவான். எடுத்தவன் மேலே டீயைக் கொட்டுவான், பக்கத்தைக் கிழிப்பான், இல்லாவிட்டால் புத்தகத்தோடு ஊர் மாறிப் போவான். ஆக, பொத்தானம்மாவைக் காப்பாற்ற ஒரே வழி, அவரை ஒருத்தர் கண்ணிலும் காட்டாமல் வைத்துக்கொள்வது.

மூன்றாம் மாடியின் கடைக்கோடியில், தரையோடு ஒட்டிய தட்டில், கழிவுநீர்க் குழாய்ப் பொறியியல் என்று எட்டுப் பாகம் இருந்தது. ஒவ்வொன்றும் செங்கல் கனம். மனித குலத்தில் யாரும் அதுவரை தொட்டிராத எட்டுப் பாகம். அவற்றுக்குப் பின்னால் ஆறு புத்தகத்தையும் முதுகு தெரியாமல் திருப்பி அடுக்கினார். படிப்பார், அங்கேயே சொருகுவார். இரண்டரை வருடம் உலகம் அமைதியாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றாவது புத்தகத்தின் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் வெள்ளையாக என்னவோ தூசி. தொட்டுப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். மைதா மாவு.

கட்டின மனைவி சொல்லாமல் கொள்ளாமல் வேறு வீட்டில் சமைத்துப் போட்டுவிட்டு வந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. மூன்று நாள் வரைபட அலமாரிக்குப் பின்னால், செய்தித்தாளில் ஓட்டை போட்டுக்கொண்டு, காவல் இருந்தார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஆள் வந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. முழங்கை வரை மாவு. நேராக வந்து, குழாய்ப் பொறியியலுக்கு முன்னால் மண்டியிட்டு, ஐந்தாம் பாகத்தை உருவிவிட்டுக் கையை உள்ளே விட்டார்.

"அம்மா, அது என் புத்தகம்."

"நூலகத்துப் புத்தகம்ணே," என்றார் அந்த அம்மா திரும்பாமலே. பிறகு திரும்பி அவர் விரலைப் பார்த்தார். ஓய்வு பெற்றும் அதில் எண்ணெய்க் கறுப்பு போகவில்லை; மனைவியின் தையல் மெஷினை வாரத்துக்கு இரண்டு தடவை, ஒரு தேவையும் இல்லாமல், பிரித்துப் பூட்டுகிற கை அது. "அட, அந்தக் கட்டைவிரல் நீங்கதானா? ஒரு வருஷமா தேடறேன். பக்கத்துக்குப் பக்கம் கறுப்பு ரேகை. போலீஸ்ல குடுத்திருந்தா அன்னிக்கே பிடிச்சிருப்பாங்க."

"நீங்க சிந்தற மாவுல ரெண்டு ரொட்டி சுடலாம்."

"பேக்கரி வச்சிருக்கேன், மாவு வரும். நீங்க என்ன, ரயில் எஞ்சினைத் தடவிக் குடுத்துட்டு வர்றீங்களா?"

"நான் இந்தம்மாவை லிஃப்டுக்குள்ள கண்டுபிடிச்சவன். ரெண்டு மணி நேரம் அந்தரத்துல தொங்கிக்கிட்டு."

"நான் கழிவுநீர்க் குழாய்ல கண்டுபிடிச்சேன். கடையில தண்ணி அடைச்சுக்கிட்டு, வந்த பிளம்பர் எல்லாம் கையை விரிச்சுட்டான். நாமளே படிச்சுப் பாத்துக்கலாம்னு வந்து நாலாம் பாகத்தை இழுத்தா, பின்னாடி இவங்க. அடைப்பு இன்னும் போகல. யாருக்கு வேணும்?"

லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கப் பார்த்தார், முடியவில்லை. வீட்டுக்கு ஏன் எடுத்துப் போகவில்லை என்று கேட்டதற்கு, "எங்க மாமியார் அது மேல டம்ளர் வைப்பாங்க," என்றார் பேக்கரிக்காரம்மா. அதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

அதற்குப் பிறகு மூன்று மாதம், செவ்வாயும் வெள்ளியும், காலை அடுப்பு வேலை முடிந்ததும் அவர் வருவார். இருவரும் ஆளுக்கொரு புத்தகம் வைத்துக்கொண்டு, அவரவர் படிப்பதை விட்டுவிட்டு, மற்றவர் எந்த வரியில் சிரிக்கிறார் என்று கவனிப்பார்கள். டாக்டர் வீட்டு எடைமெஷினில் ஏறுமுன் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையை வெளியே எடுத்து, கடைசியாக மூச்சையும் வெளியே விடுகிறவர்களைப் பற்றிய கட்டுரைக்கு அந்த அம்மா குலுங்கிச் சிரித்ததைப் பார்த்தபோது, லிஃப்ட்காரருக்கு அதைத் தானே எழுதின மாதிரி ஒரு பெருமை. இரண்டரை வருடம் வாயை மூடிக்கொண்டு தனியாகத் தின்றோமே என்று முதல் தடவையாகத் தோன்றியது. ஆனால் புத்தகங்களைக் குழாய்க்குப் பின்னாலிருந்து எடுக்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

ஒரு மாதத் தொடக்கத்தில், லிஃப்ட் பக்கத்துச் சுவரில் நூலகர் ஒரு பட்டியலை ஒட்டினார். மூன்றாம் மாடியில் பாதி கம்ப்யூட்டர் அறையாகப் போகிறது. மூன்று வருடமாக யாரும் எடுக்காத புத்தகங்கள் மாதக் கடைசியில் காகிதக் கூழ் ஆலைக்குப் போகின்றன. பட்டியலில் நூற்றுப் பதினான்கிலிருந்து நூற்றுப் பத்தொன்பது வரை பொத்தானம்மாவின் ஆறு புத்தகங்கள்.

கழிவுநீர்க் குழாய் எட்டுப் பாகமும் தப்பித்துவிட்டது. போன வருடம் எவனோ ஒரு புண்ணியவான் இரண்டாம் பாகத்தை எடுத்துப் போயிருந்தான், குடும்பமே பிழைத்துக்கொண்டது.

"இது அநியாயம்!" என்று லிஃப்ட்காரர் கவுன்ட்டரில் போட்ட சத்தத்தில் நாலு பேர் நாற்காலியைத் திருப்பினார்கள். "இந்தம்மாவை தினம் தினம் படிக்கறோம்!"

"கம்ப்யூட்டர்ல ஒருத்தர்கூட இல்லையே சார். உங்க கார்டைக் குடுங்க, பாக்கறேன்."

லிஃப்ட்காரர் பேக்கரிக்காரம்மாவைப் பார்த்தார். பேக்கரிக்காரம்மா கூரையைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் கார்டே கிடையாது.

நூலகர் நல்ல மனுஷி. தலைமை அலுவலகத்துச் சுற்றறிக்கையை வரி வரியாகத் துழாவி ஒரு வழி கண்டுபிடித்தார். மாதம் முடிவதற்குள் ஒரு புத்தகத்தைப் பத்துப் பேர் கேட்டிருந்தால் அது தங்கும். எடுத்துப் போனாலும் சரி, வெளியே போயிருந்தால் வேண்டும் என்று பதிவு செய்தாலும் சரி. ஆனால் ஒரு கார்டுக்கு ஒரு புத்தகம்தான், ஆளும் நேரில் வர வேண்டும்.

ஆறு புத்தகம், பத்துப் பேர். அறுபது வாசகர், முப்பது நாள்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் மனைவி தையல் மெஷினை நிறுத்தினாள்.

"ஏங்க, ஒருத்தரைப் பிடிச்சிருந்தா ஊரெல்லாம் சொல்லுவாங்களா, இல்ல குழாய்க்குப் பின்னாடி சொருகுவாங்களா? அந்தம்மாவைக் கூழ் ஆலைக்கு அனுப்பறது கம்ப்யூட்டர் இல்ல. நீங்க."

அன்றைக்கு லிஃப்ட்காரர் இரண்டாவது தடவை சாதம் கேட்டு வாங்கவில்லை என்பதிலிருந்து அவர் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

மறுநாள் முதல் ஆள் பிடிக்கக் கிளம்பினார். பழைய சிநேகிதர்களை வழி மறித்தார். "ஒரு அருமையான புத்தகம். கட்டாயம் படிக்கணும்."

"கதையா?"

"இல்லப்பா, கட்டுரை."

"என்ன பரீட்சை எழுதப் போறோம், இந்த வயசுல?"

எங்கே போனாலும் இதே கதை. கட்டுரை என்ற சொல்லைக் கேட்டதும் வளர்ந்த மனிதர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், முன்னுரை, பொருளுரை, முடிவுரை ஞாபகம் வந்து முகம் வெளுத்தார்கள். பொத்தான் எப்படி நிமிர்ந்து உட்காரும் என்று இவர் விளக்க ஆரம்பித்தால், பஸ் வருகிறது என்று ஓடினார்கள். பஸ் ஓடாத தெருவிலும் ஓடினார்கள். முதல் வாரம் முடிந்தபோது மொத்தம் நாலு பேர். அதில் இரண்டு பேர் லிஃப்ட்காரரும் பேக்கரிக்காரம்மாவும்.

யோசனை வந்த இடம் பல் ஆஸ்பத்திரிக் கட்டடத்து லிஃப்ட். உள்ளே ஆறு பேர். லிஃப்டில் ஏறிய மனிதனுக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாது. இது நாற்பத்தோரு வருட ஆராய்ச்சி முடிவு. பக்கத்து ஆளைப் பார்க்க முடியாது, கண்ணாடியில் தன்னைப் பார்த்தால் வெட்கம். ஆகவே எல்லோரும் சுவரில் பிளாஸ்டிக் சட்டத்துக்குள் இருக்கும் பரிசோதனைச் சான்றிதழைப் படிப்பார்கள். எட்டு நபர்கள் அல்லது ஐந்நூற்று நாற்பது கிலோ. இந்த ஒரு வரிக்கு அந்த நகரத்தில் இருக்கும் வாசகர் கூட்டம் எந்த எழுத்தாளருக்கும் கிடையாது. அதே சட்டத்துக்குள், சான்றிதழ் பக்கத்தில், இன்னொரு தாள் சொருக நல்ல இடமும் இருந்தது.

பராமரிப்பு வேலையில் இருந்த பழைய கூட்டாளிகளிடம் பேசினார். இருபத்துமூன்று கட்டடம் ஒப்புக்கொண்டன. ஒவ்வொரு லிஃப்டும் எத்தனை நொடி ஓடும் என்பது அவருக்குத் தன் நாடித்துடிப்பைவிட நன்றாகத் தெரியும். வங்கிக் கட்டடம் இருபத்திரண்டு நொடி, நாலு வரி போதும். பெரிய ஆஸ்பத்திரி லிஃப்ட் நத்தைக்குத் தம்பி, அரைப் பக்கம் தாங்கும். வரி அலுவலகத்து லிஃப்டில் ஒரு புத்தகம் முழுக்கவே ஒட்டலாம். நகல் எடுத்து வந்து, எங்கே வெட்ட வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டு மனைவியிடம் கொடுத்தார். அவள் கத்திரிக்கோலை எடுத்தாள். கோட்டைப் பார்த்தாள். மேலே இருந்ததைப் படித்தாள்.

"இங்கயா வெட்டறது? வாக்கியம் முடிஞ்ச இடத்துலயா? அப்புறம் யாரு வருவா உங்க மூணாம் மாடிக்கு?"

"பாதி வாக்கியத்துல வெட்டினா மரியாதையா இருக்காதும்மா."

"வெட்டறது என் தொழில். உங்க வாயைக் கொஞ்சம் சாத்துங்க."

அடுத்த வீட்டுக்காரர் கட்டுரையை அவள் வெட்டிய இடம் இது: "ஒரு நாள் காலையில் அவர் வந்து கதவைத் தட்டினார். திறந்தேன். அவர் கையில்". அதற்குக் கீழே துணியில் சாக்குக் கட்டியால் குறி போடுகிற தன் குண்டு எழுத்தில், 'மீதி மூன்றாம் மாடியில், நகர நூலகம்' என்று எழுதினாள்.

"அடிப்பாவி," என்றார் லிஃப்ட்காரர், பக்தியோடு.

ஐந்து நிமிடம் மெஷின் ஓடியது. நின்றது. "சரி, என்னதான் இருந்துச்சு கையில?"

"மூணாம் மாடியில இருக்கு."

அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு ஒன்றரை மணி நேரம் தாமதம். மறுநாள் காலை நூலகம் திறந்தபோது கவுன்ட்டரில் முதல் ஆளாகப் புதுக் கார்டோடு நின்றவள் அவள்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை லிஃப்ட்காரர் சொல்லும்போது நகரமே இரண்டாகப் பிளந்தது என்பார். அவ்வளவு இல்லாவிட்டாலும், அடுத்த வீட்டுக்காரர் கையில் இருந்தது கடிதம் என்று வங்கிக்காரர்கள் சொன்னார்கள், ஆஸ்பத்திரி நர்சுகள் பூனைக்குட்டி என்றார்கள், வரி அலுவலகத்தில் எல்லோரும் ஒருமனதாக நோட்டீஸ் என்றார்கள். பேக்கரிக்காரம்மாவும் சும்மா இல்லை. "உங்க லிஃப்ட்ல நிக்கறவன் அரை நிமிஷம் நிப்பான். என் கடை வரிசையில பத்து நிமிஷம்," என்று ரொட்டிப் பைகளின் மேல் எடைமெஷின் கட்டுரையை ஒட்டிவிட்டார். கேக் வாங்க வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, கேக்கையும் வாங்கிக்கொண்டு, குற்ற உணர்ச்சியோடு நூலகத்துக்கு வந்தார்கள்.

"சார், ஒரு கட்டடத்துலேருந்து ஃபோன்," என்றார் நூலகர். "ஆறாவது மாடிக்குப் போறவங்க எல்லாம் பதினாலு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வர்றாங்களாம். படிச்சு முடிக்கணுமாம்."

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா," என்றார் லிஃப்ட்காரர். முகம் முழுக்கப் பல்.

மூன்றாவது வாரக் கடைசியில் ஐந்து புத்தகங்கள் பத்தைத் தாண்டிவிட்டன. ஆறாவதுக்கு ஒரே ஒரு ஆள், லிஃப்ட்காரர். அதைத் தன் கார்டில் எடுத்துப் போனவர் இன்னும் திருப்பவில்லை. ஒரு தடவை புதுப்பித்தும் ஆயிற்று. அந்தப் புத்தகத்திலிருந்து எந்த லிஃப்டிலும் ஒரு வரிகூட ஒட்டவில்லை.

துணி அடுக்கும்போது மனைவி அதைப் போர்வைக்கு அடியில் கண்டுபிடித்தாள்.

"திரும்பவும் ஒளிச்சு வச்சிருக்கீங்க."

"அதை லிஃப்ட்ல ஒட்டினா சிரிப்பாங்க."

"சிரிக்கத்தானே மத்ததெல்லாம் ஒட்டினீங்க?"

அவர் புத்தகத்தை வாங்கி ஒரு பக்கத்தைப் பிரித்து அவளிடமே நீட்டினார். அவள் படித்தாள். "வேலையிலிருந்து நின்ற முதல் திங்கட்கிழமை, விடியற்காலையில் எழுந்து செருப்பைத் துடைத்து மினுக்கினேன். மினுக்கிய செருப்பைப் போட்டுக்கொண்டு எங்கே போவது என்று தெரியவில்லை. கழற்றி வைத்தேன். மறுபடியும் துடைத்தேன்."

லிஃப்ட்காரரின் முதல் திங்கட்கிழமை வேறு மாதிரி. அன்று அவர் ஐந்து மணிக்கு எழுந்து, சவரம் செய்து, யூனிஃபார்ம் போட்டு, டிஃபன் டப்பாவைக்கூட மேசை மேல் எடுத்து வைத்துவிட்டு, கட்டில் விளிம்பில் ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தார். யாரும் பார்க்கவில்லை என்று இரண்டரை வருடத்துக்கு மேல் நம்பிக்கொண்டும் இருந்தார்.

"அன்னிக்கு நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்," என்றாள் மனைவி. "மெஷின்ல நூலே கோக்கல. சும்மா ஓட்டிக்கிட்டிருந்தேன். வீட்டுல ஏதாவது சத்தம் கேக்கட்டும்னு."

லிஃப்ட்காரர் புத்தகத்தை மூடப் போனார்.

"உங்களுக்கு மட்டுமா திங்கட்கிழமை வருது?" என்று கேட்டுவிட்டு அவள் கத்திரிக்கோலைத் தேடப் போனாள்.

மறுநாள் காலை லிஃப்ட்காரர் ஆறாவது புத்தகத்தைக் கொண்டுபோய்க் கவுன்ட்டரில் தன் கையால் வைத்தார். திருப்பி எடுக்கவில்லை. திங்கட்கிழமைப் பகுதியை எடுத்துக்கொண்டு பத்துக் கட்டடம் ஏறி இறங்கினார்; கடைசியாகத் தன் பழைய கம்பெனிக் கட்டடம். சட்டத்துக்குள் அதைச் சொருகிவிட்டு, யார் கண்ணிலும் படாமல் படி வழியாக இறங்கி வந்தார்.

இரண்டு நாள் ஒரு ஆளும் வரவில்லை. அவர் வேண்டுமென்றே மூன்றாம் மாடிக்குப் போகாமல் கவுன்ட்டர் எதிரில், வானிலைப் பலகையைப் படிக்கிற மாதிரி நின்றார். மூன்றாம் நாள் வங்கிக் கணக்காளர் ஒருவர் வந்தார். சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "அந்தத் திங்கட்கிழமைப் புத்தகம் இருக்கா?" என்று கேட்டார். பொத்தானம்மா முதல் தடவையாக வேறொருவர் கக்கத்தில் வாசலைத் தாண்டிப் போவதை லிஃப்ட்காரர் பார்த்தார். பின்னாலேயே ஓடி, டீ கொட்டிவிடாதீர்கள் என்று சொல்லத் துடித்த காலை மற்றொரு காலால் மிதித்துக்கொண்டார்.

தொண்ணூற்றாறு பக்கம்தான். எடுத்தவர்கள் மறுநாளே கொண்டுவந்தார்கள். சில பேர் கவுன்ட்டரில் பதிந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து படித்து முடித்தார்கள். ஒரு தலைமை நர்ஸ், ஒரு கண்டக்டர், மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுக் காலி வீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள். மாதத்தின் கடைசி நாள், சாயங்காலம் ஐந்தே கால், ஒன்பது பேர். நூலகம் ஆறு மணிக்கு மூடும். பேக்கரிக்காரம்மா கடையில் இருந்த வாடிக்கையாளர்களைக் கழுத்தைப் பிடித்து இழுத்து வரப் போயிருந்தார்.

ஐந்து முப்பத்தைந்துக்கு, மூன்றாம் மாடி வரை போய்த் தேடிவிட்டு, கவுன்ட்டர் எதிரில் லிஃப்டிலிருந்து பிரேக் சார் இறங்கினார். லிஃப்ட்காரரின் பழைய மேனேஜர். லீவு, ஓவர்டைம், புதுக் கையுறை, எதைக் கேட்டாலும் நிறுத்திவிடுவார் என்பதால் வந்த பெயர்.

"யோவ் கூரை!" என்றார். எப்போதும் லிஃப்டின் கூரை மேலேயே கிடந்த லிஃப்ட்காரருக்குக் கம்பெனியில் அதுதான் பெயர். "எங்க லிஃப்ட்ல சான்றிதழ் சட்டத்துக்குள்ள பேப்பர் சொருகினது நீதானே?"

"ஆமா சார்."

"விதிப்படி தப்பு."

"ஆமா சார்."

"எடுத்துட்டேன்." சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை வெளியே எடுத்தார். மடிப்பு நைந்திருந்தது, அது ஒரே ஒரு தடவை படிக்கப்பட்ட தாள் இல்லை. "வர்ற பதினெட்டாம் தேதி எனக்குக் கடைசி நாள்." நூலகரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் லிஃப்ட்காரரைப் பார்த்தார். "இதோட மீதி எங்க?"

கார்டு போடப் பதினொரு நிமிடம் ஆயிற்று. அவர் கையெழுத்தே ஒரு முழ நீளம். நூலகர் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு, "பத்து," என்றார். சத்தம் போடக் கூடாத இடத்தில் அவரே கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னார். பிரேக் சார் ஒன்றும் புரியாமல் எல்லோரையும் முறைத்துவிட்டு, புத்தகத்தைத் தன் கைப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு போனார். அதே நேரம் வாசல் படியேறி மூச்சிரைக்க வந்த பேக்கரிக்காரம்மாவின் பின்னால், என்ன ஏது என்று தெரியாமல், கையில் ரொட்டியோடு ஏழு பேர் நின்றார்கள். அவர்களையும் விடவில்லை. ஆளுக்கு ஒரு கார்டு.

மறுநாள் காலை ஏழு மணிக்கு லிஃப்ட்காரர் வீட்டில் ஃபோன் அடித்தது.

"யோவ், நாப்பத்தோராம் பக்கத்துல அந்தம்மா சொல்றது சுத்தத் தப்பு."

லிஃப்ட்காரர் டீயைக் கீழே வைத்தார். "சார், நீங்க இன்னும் நாப்பத்திரண்டுக்குப் போகல."

"போகத் தேவையில்ல. ஓய்வு எடுத்தவன் காலையில சீக்கிரம் எழுந்திருக்கறது பழக்கம்னு எழுதியிருக்காங்க. பழக்கம் இல்லய்யா அது, பயம்!"

"பயம்னுதான் சார் அவங்களும் நாப்பத்திரண்டுல..."

"சொல்லாதே! சொன்னே, ஃபோனை வச்சுடுவேன்!"

வைக்கவில்லை. முக்கால் மணி நேரம் சண்டை நடந்தது. கையுறை கேட்டு நடந்த சண்டைகளில்கூட லிஃப்ட்காரர் இவ்வளவு உற்சாகமாக இருந்ததில்லை. டீ ஆறி, மனைவி அதை எடுத்துப் போய், சூடாக்கி, அதுவும் ஆறியது.

"ஃபோன்ல பேசி முடியாது சார். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு வாங்க. பேக்கரிக்காரம்மா வருவாங்க, என் வீட்டுல வருவாங்க, அந்தக் கணக்காளரும் வர்றேன்னிருக்காரு. உங்க கட்சிக்கு அங்க ஆள் கிடைக்குதான்னு பாப்போம்."

"வெள்ளிக்கிழமைன்னா லீவு போடணுமே."

"இந்த மாசம் போடுங்க. பதினெட்டுக்கு அப்புறம் போட வேண்டாம்."

அந்தப் பக்கம் டைரியைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"எத்தனை மணிக்குன்னு சொன்னே?" என்று கேட்டார் பிரேக் சார்.